எழுதிக்கொண்டு போன பெயர்கள் எங்கே?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கலைக்கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன பிப்ரவரியில் எங்கள் கல்லூரி என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) ஏழு நாள் சிறப்பு முகாமுக்குப் போனேன். ஐம்பது பேர் ஊர் நடுநிலைப் பள்ளியில் தங்கினோம். அங்கிருந்து ஏரிக்கரைப் பக்கம் நடந்தால் முப்பது வீடுகள் கொண்ட இருளர் பழங்குடிக் குடியிருப்பு. வீடு வீடாகக் கணக்கெடுத்தோம், நாற்பது மரக்கன்று நட்டோம், பாம்புக்கடி பற்றி விழிப்புணர்வு நாடகம் போட்டோம், மருத்துவ முகாம் நடத்தினோம், பிள்ளைகளுக்கு நோட்டும் பேனாவும் கொடுத்தோம். பாதி வீடுகள் பூட்டியே கிடந்தன. ‘இந்த ஜனங்க ஒத்துழைக்கவே மாட்டாங்க’ என்றார் எங்கள் சார். கடைசி நாள் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘மூணு வருசமா பிள்ளைங்க வர்றீங்க, பேரெல்லாம் எழுதிக்கினு போறீங்க. எழுதின பேரெல்லாம் எங்க போவுது கண்ணு?’ என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த ஆண்டு என்னை மாணவர் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள். அடுத்த முகாமுக்குத் திட்டம் எழுதித் தரச் சொல்கிறார் சார். ‘சர்டிஃபிகேட்டுக்குத்தானே போறோம், ரொம்ப யோசிக்காதே’ என்கிறாள் தோழி. இல்லாதவர்கள் வீட்டைப் பார்த்து நாம் பாடம் படிப்பதே தவறோ என்று தோன்றுகிறது. விலகிவிடலாமா? இன்னொன்று, போவதாக இருந்தால் அந்தப் பாட்டிக்கு என்ன வாங்கிப் போகலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

‘மகளே’ என்று தொடங்கக்கூடிய வயதுதான் எனக்கு. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது, பலர் முப்பது வருடம் முகாம் நடத்தியும் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளாத கேள்வி. அதனால் மரியாதையாகவே பேசுகிறேன்.

முதலில் பாட்டியின் கேள்வி. எழுதின பெயர்கள் எங்கே போயின? அநேகமாக எங்கேயும் போயிருக்காது. உங்கள் கல்லூரியில் என்.எஸ்.எஸ். அறை என்று ஒன்று இருக்கும், மாடிப்படிக்குக் கீழேயோ உடற்கல்வி அறைக்குப் பக்கத்திலோ. அதில் ஓர் இரும்பு பீரோ. போன வருடத்து பேனர், கைப்பிடி கழன்ற மண்வெட்டி, மீந்துபோன தொப்பிகள், இவற்றுக்குக் கீழே சணல் கயிறு கட்டிய படிவக் கட்டு ஒன்று கிடக்கும். சமூகப்பணி மாணவர்களின் களப்பணியை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். அந்த வேலையாகப் போன கல்லூரிகளில் இப்படிப்பட்ட பீரோக்களை எத்தனையோ தடவை திறந்திருக்கிறேன். குடும்பத் தலைவர் பெயர், வயது, படிப்பு, கழிப்பறை உண்டா, ரேஷன் கார்டு உண்டா, சாதிச் சான்றிதழ் உண்டா எல்லாம் அழகான கையெழுத்தில் இருக்கும். ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்த பிறகு அந்தத் தாளை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். முகாம் அறிக்கையில் ‘30 வீடுகளில் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு நடத்தப்பட்டது’ என்று ஒரு வரி போயிருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே விலகுவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன் சாவியை வாங்கி அந்த பீரோவைத் திறந்து பாருங்கள். மூன்று வருடப் படிவங்களும் கிடைத்தால் புதிதாகக் கணக்கெடுக்கத் தேவையே இல்லை. ஒரே வீட்டின் மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நீங்கள் கணிதம் படிப்பவர், மாறாத எண் எது என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது பூட்டிக் கிடந்த வீடுகள். உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்த வரி அதுதான்.

நீங்கள் போனது பிப்ரவரியில். பொங்கல் முடிந்த கையோடு வட மாவட்டங்களில் செங்கல் சூளை வேலை சூடுபிடிக்கும். மழை தொடங்கும்வரை ஓடும். கரும்பு வெட்டும் அதே மாதங்களில்தான் மும்முரம். ஏரிக்கரை இருளர் குடியிருப்புகளில் பல குடும்பங்கள் மழைக்காலத்தில் வேலையில்லாமல் இருக்கும்போது முன்பணம் வாங்கியிருப்பார்கள். தை பிறந்ததும் அந்தப் பணத்துக்கு உழைக்கக் குடும்பத்தோடு கிளம்பிப் போவார்கள். சின்னப் பிள்ளைகளும் கூடவே போகும், பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் வரிசையாக ‘ஆப்சென்ட்’ விழும். வீட்டில் மிஞ்சுவது கிழவிகளும், பரீட்சை எழுத வேண்டும் என்று பாட்டியிடம் விட்டுப்போன ஒன்றிரண்டு பெரிய பிள்ளைகளும்தான். இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். மாசி மகத்தை ஒட்டி மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் கூடுவது தலைமுறைகளாக நடக்கிறது. கன்னியம்மனைக் கும்பிடுவது, கல்யாணம் பேசுவது, பிள்ளைக்கு மொட்டை போடுவது எல்லாம் அந்த மணலில்தான். உங்கள் முகாம் தேதி அதன் பக்கத்தில் வந்திருந்தால் மீதி வீடுகளும் பூட்டித்தானே கிடக்கும்?

ஒத்துழைக்கவில்லை என்று உங்கள் சார் சொன்னது கெட்ட எண்ணத்தில் இருக்காது. அவர்கள் நாட்காட்டி வேறு, நம் செமஸ்டர் நாட்காட்டி வேறு. நம்முடையதை மட்டும் பார்த்துத் தேதி குறித்துவிட்டு, வீட்டில் ஆள் இல்லையே என்று நாம்தான் குறைபட்டுக்கொள்கிறோம். ‘யார் இங்கே இல்லை, ஏன் இல்லை’ என்ற ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் உங்கள் ஐம்பது பேருக்கும் ஒரு செமஸ்டர் பாடம் கிடைத்திருக்கும்.

ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1970-களில் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் வேலை பார்த்தவர். வெளியிலிருந்து கிராமத்தைப் பார்க்க வருபவர்கள் எதையெல்லாம் தவறவிடுகிறார்கள் என்று பிறகு வகை பிரித்துச் சொன்னார். தார்ச்சாலை போகிற வரைதான் போவார்கள். மழை ஓய்ந்து, பாதை காய்ந்த மாதங்களில்தான் வருவார்கள். தலைவர், ஆசிரியர் மாதிரி பேசத் தெரிந்தவர்களோடு பேசிவிட்டுத் திரும்புவார்கள். நம் முகாம்களைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுச் சொன்ன மாதிரி இல்லை? அவருடைய பட்டியலோடு நான் சேர்த்துக்கொள்வது ஒன்று உண்டு: முகாம் எங்கே படுத்துத் தூங்குகிறது என்பது. நீங்கள் தங்கியது ஊர்ப் பள்ளியில். தொடக்க விழா மேடையும் அங்கேதான் இருந்திருக்கும், பொன்னாடை போர்த்தப்பட்டவர்களும் ஊர்க்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஏரிக்கரைக்கு நீங்கள் காலையில் நடந்து போனீர்கள், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டீர்கள். ஊருக்கும் காலனிக்கும் ஏரிக்கரைக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது என்று ஐம்பது பேரில் சிலருக்காவது வீட்டிலேயே தெரிந்திருக்கும். அந்த ஏழு நாளில் குடியிருப்பில் யார் வீட்டிலாவது தண்ணீர் வாங்கிக் குடித்தவர்கள் எத்தனை பேர்? பதிலை எனக்கு எழுத வேண்டாம், உங்களுக்குள் எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் அந்தப் பாம்புக்கடி நாடகம். படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பகுதியைப் பல பத்தாண்டுகளாக எடுத்துக் கொடுத்து வருவது மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-இல் தொடங்கியது. 2023-இல் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பாம்பு பிடிக்கும் அறிவுக்காகவே பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தச் சமூகத்தின் வாசலில் போய்ப் பத்தொன்பது வயசுப் பிள்ளைகள் பிளாஸ்டிக் பாம்பை வைத்துக்கொண்டு நாடகம் போட்டிருக்கிறீர்கள். அவர்களும் சிரிக்காமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள் என்றால் அதற்குப் பெயர்தான் விருந்தோம்பல். உங்கள் கல்லூரி விலங்கியல் துறை அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, மேடையில் உட்கார வைத்து, ஒரு மணி நேரம் பேசச் சொல்லிக் கேட்கலாமே. வெளியூர் விருந்தினருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தை உறையில் போட்டுக் கொடுங்கள்.

மரக்கன்று பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பிப்ரவரியில் நட்டால் சித்திரை வெயிலுக்கும் ஆட்டுக்கும்தான் போகும். புரட்டாசியில் நட்டிருந்தால் ஐப்பசி மழை பார்த்துக்கொண்டிருக்கும். மருத்துவ முகாமில் ரத்த அழுத்தம் அதிகம் என்று கண்டுபிடித்துப் பத்து நாள் மாத்திரை கொடுத்திருப்பீர்கள், பதினோராவது நாள் என்ன செய்வார்கள்? 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஏரிக்கரை வரை அந்தப் பை வருகிறதா என்று கேட்டு, வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பெயர்களைச் சேர்க்க வைப்பது உங்கள் மருத்துவ முகாமைவிடப் பெரிய வேலை. அதற்கு ஸ்டெதாஸ்கோப் வேண்டியதில்லை.

இதையெல்லாம் உயரத்தில் நின்றுகொண்டு சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். நான் படித்த காலத்தில் நாங்களும் ஒரு குடியிருப்புக்குச் சாலை போட்டோம். சிரமதானம். பத்து நாள் மண் சுமந்து, இரண்டு பக்கமும் வெள்ளையடித்த கல் பதித்து, அதன் மேல் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். ஐப்பசியில் ஒருநாள் அந்தப் பக்கமாகப் போனபோது சாலையின் நடுவில் மூன்று அடி அகலத்துக்கு வெட்டி விட்டிருந்தார்கள். எங்களுக்கு ஒரே கோபம். ‘பாடுபட்டுப் போட்டுக் கொடுத்தா வெட்டிட்டாங்களே!’ விசாரித்தால், தண்ணீர் வடியும் வாய்க்காலை அடைத்துச் சாலை போட்டிருக்கிறோம். முதல் மழையிலேயே இரண்டு குடிசைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ‘அன்னிக்கே சொல்லியிருக்கலாமே’ என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். ‘நீங்க ஆசையா செய்யிறீங்க, காலேஜ் பிள்ளைங்க மனசு நோவக் கூடாதேன்னுதான்’ என்றார். நாங்கள் செய்த சேவை நாங்கள் மனம் கோணாமல் இருக்க அவர்கள் பொறுத்துக்கொண்டது என்பது எனக்குப் புரிய அந்த வெட்டு தேவைப்பட்டது. அந்தப் பத்து நாளில் ஒருவர்கூட, ‘மழை வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?’ என்று கேட்கவில்லை.

சரி, இனி உங்கள் பெரிய கேள்வி. அடுத்தவர் இல்லாமையைப் பார்த்துப் பாடம் படிப்பது தவறா?

படிப்பதில் தவறில்லை. படிக்கப் போய்விட்டு, ‘சேவை செய்தோம்’ என்று சொல்லிக்கொண்டு திரும்புவதில்தான் கோளாறு. ஏழு நாளில் ஐம்பது மாணவர்கள் ஒரு குடியிருப்புக்குச் செய்யக்கூடியது மிகக் குறைவு, அங்கிருந்து எடுத்துக்கொண்டு வருவதோ நிறைய. எடுத்துக்கொண்டதற்கு ஈடாக என்ன கொடுக்கலாம் என்று யோசித்தால் பதில் அந்த ஏழு நாளுக்குள் கிடைக்காது. மீதி நாட்களில்தான் கிடைக்கும்.

என்.எஸ்.எஸ். தொடங்கியபோதே இதற்கு இடம் வைத்துத்தான் தொடங்கினார்கள். 1969 செப்டம்பர் 24, காந்தி நூற்றாண்டு நேரம், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு ஆரம்பித்த திட்டம் அது. உங்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜில் இருப்பது கோனார்க் தேர்ச்சக்கரம், அதன் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் எட்டு ஜாமங்களைச் சொல்பவை. விதிப்படி ஒரு தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். ஏழு நாள் முகாம் அதற்கு மேல் ஒன்று. தத்தெடுத்த கிராமத்துக்கு ஆண்டு முழுக்கப் போய்வருவதற்குத்தான் இந்த 120 மணி நேரத்தில் பெரும்பகுதி. நடைமுறையில் அது கல்லூரி வளாகத்தைப் பெருக்குவதிலும், விழாவுக்கு வரும் அமைச்சருக்கு வரிசையில் நிற்பதிலும் கரைந்துபோகிறது. (தத்து என்ற சொல்லை யார் கொண்டுவந்தார்களோ. தத்தெடுத்த பிள்ளையை வருடத்தில் ஏழு நாள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருபவரை நம் ஊரில் என்னவென்று பேசுவார்கள்?)

அதனால் நீங்கள் எழுதித் தர வேண்டிய திட்டத்தில் முகாமைச் சின்னதாக வையுங்கள், 120 மணி நேரத்தைப் பெரிதாக வையுங்கள். முதல் பயணம் ஐப்பசியில். ஐம்பது பேர் வேண்டாம், ஐந்து பேர் போதும், பேனர் கூடவே கூடாது. மழையில்தான் எந்தக் கூரை ஒழுகுகிறது, எந்தப் பாதை மூழ்குகிறது, யார் யாரிடம் கடன் கேட்டுப் போகிறார்கள் என்பது தெரியும். எல்லோரும் வீட்டில் இருக்கும் காலமும் அதுதான். பெண்களிடம் கோலமாவைக் கொடுத்துத் தரையில் ஊர்ப்படம் போடச் சொல்லுங்கள். வீடு, ஏரி, மதகு, குழாய், சுடுகாடு, வேலைக்குப் போகும் வழி என்று கொஞ்ச நேரத்தில் வாசல் நிறைந்துவிடும். ஊர்ப்படம் எடுக்கும் இந்த முறை களப்பணியில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. பேனாவை நாம் பிடித்திருந்தால் வாய் திறக்காத பெண்கள், கோலமாவு அவர்கள் கையில் இருந்தால் ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டே பேசுவார்கள்.

அந்த பீரோ தாள்களில் ‘சாதிச் சான்றிதழ் இல்லை’ என்று எத்தனை வீட்டில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் 120 மணி நேரத்துக்கு அதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை. பழங்குடிச் சான்றிதழ் தருவது தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.). அப்பாவுக்கோ நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்கோ ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் வழி கொஞ்சம் எளிது. ஒருவருக்குமே இல்லாத குடியிருப்பில் முதல் சான்றிதழ் வாங்குவதுதான் மலை. விசாரணை, அலைச்சல், ‘அடுத்த வாரம் வா’. ஒவ்வொரு ‘அடுத்த வார’த்துக்கும் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகிறது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பதினொன்றில் உதவித்தொகை கேட்கும்போதும், பன்னிரண்டு முடித்துக் கல்லூரிப் படிவம் போடும்போதும் இந்தத் தாள் இல்லாமல்தான் நின்றுபோகிறது. உங்களிடம் இருப்பது என்ன? படிவத்தைப் படித்து நிரப்பத் தெரியும், கையில் போன் இருக்கிறது, விண்ணப்ப எண்ணைப் போட்டு எந்த மேசையில் நிற்கிறது என்று பார்க்கத் தெரியும், காத்திருந்தால் கூலி போகாது. இது அற்பமாகத் தெரியலாம். அரசு அலுவலக வாசலில் இவை நான்கும் சேர்ந்து இருப்பவர்கள் குறைவு.

ஒன்று கவனம். நீங்களே அவர்களுக்காக எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்துவிடாதீர்கள். குடியிருப்பிலிருந்து ஒரு இளைஞனோ பெண்ணோ ஒவ்வொரு முறையும் உங்களோடு இ-சேவை மையத்துக்கும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் வர வேண்டும். எந்த அறை, யாரிடம் கேட்பது, ரசீதை எப்படி வாங்கிப் பத்திரப்படுத்துவது என்று அவருக்குப் பழகிவிட வேண்டும். பதிலே வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். அதையும் அவர் பெயரிலேயே போடுங்கள். நீங்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போன பிறகும் அந்தக் குடியிருப்பு அங்கேதான் இருக்கப் போகிறது.

போட்டோ விஷயம். நீங்கள் எழுதவில்லை, ஆனால் எடுத்திருப்பீர்கள், கல்லூரியின் இன்ஸ்டாகிராமிலும் போட்டிருப்பார்கள். அனுமதி கேட்காமல் எடுத்த படங்களை, முக்கியமாகக் குழந்தைகள் படங்களை, இறக்கிவிடச் சொல்லுங்கள். இந்த முறை கேமராவை வேறு வேலைக்குக் கொண்டுபோங்கள். எந்த விண்ணப்பத்துக்கும் பாஸ்போர்ட் அளவு படம் கேட்பார்கள், அதற்காக டவுனுக்குப் போனால் பஸ் காசும் ஸ்டூடியோ காசும். ஒரு வெள்ளை வேட்டியைப் பின்னால் கட்டி, ஒவ்வொருவரையும் எடுத்து, எட்டு எட்டுப் பிரதி அச்சடித்துக் கவரில் போட்டுக் கொடுங்கள். கூடவே குடும்பத்தோடு ஒரு படம், கொஞ்சம் பெரிதாக. என் மாணவர்கள் கொடுத்ததிலேயே ஜனங்கள் தாங்களாகத் தேடிவந்து வாங்கிக்கொண்ட பொருள் அதுதான். பழைய துணி சேகரித்துக் கொண்டுபோகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் மலைபோலக் கிடந்த துணிகளை நினைவுபடுத்துங்கள். கடலில் எல்லாவற்றையும் இழந்தவர்களும் அந்தக் குவியலிலிருந்து எடுத்து உடுத்திக்கொள்ளத் தயாராக இல்லை.

என்ன வேண்டும் என்று கேட்டால் நாம் எதிர்பார்க்காத பதில் வரும், அதற்கும் தயாராக இருங்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்துக் கற்றுக்கொடுக்கத்தான் தொண்டர்கள் ஊர் ஊராகப் போனார்கள். ஷீலா ராணி சுங்கத் அங்கே கலெக்டராக இருந்த நேரம். கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் கேட்டார்கள். அதையும் இயக்கத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள். குடம் தண்ணீர் கொண்டுவரவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், குவாரி வேலைக்குப் போகவும் பெண்கள் சைக்கிள் மிதித்த மாவட்டமாக அது ஆனது. அரிச்சுவடி மட்டும்தான் எங்கள் வேலை என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் வகுப்புக்கே வந்திருக்க மாட்டார்கள்.

சூளை, கரும்பு வெட்டு பற்றிப் பேச்சு வரும்போது ஒரு எச்சரிக்கை. முன்பணத்தைக் காட்டி ஆளை வெளியே விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் அது கொத்தடிமை. 1976 முதலே அதை ஒழிக்கச் சட்டம் இருக்கிறது. அதற்காக நீங்கள் ஐந்து பேர் சூளைக்குப் போய் முதலாளியிடம் கேள்வி கேட்பதோ, மறைந்து நின்று வீடியோ எடுப்பதோ வேண்டாம். நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள், அடி அவர்களுக்கு விழும். கோட்டாட்சியருக்கோ கலெக்டருக்கோ எழுத்தில் கொடுக்க வேண்டும், குழந்தை என்றால் 1098. அதையும் தனியாகச் செய்ய வேண்டாம். உங்கள் மாவட்டத்திலேயே, திண்டிவனத்தில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி முன்னின்று உருவாக்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இப்படிப்பட்ட வழக்குகளில் நீண்ட அனுபவம் உள்ளது. முகாமுக்கு இடம் பார்ப்பதற்கு முன்பே அப்படிப்பட்டவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். இப்போதாவது போங்கள்.

அதேபோல, முடியாததை முடியாது என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். ‘சொல்லிப் பார்க்கிறேன் பாட்டி’ என்று நாம் மரியாதைக்குச் சொல்வது அங்கே வாக்குறுதியாகப் பதிந்துவிடும். பட்டா வாங்கித் தருகிறேன் என்று வாயைக்கூடத் திறக்காதீர்கள்.

உங்கள் சாரைப் பற்றி. அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். வாரம் முழுக்க வகுப்பு எடுத்துவிட்டு, கூடுதல் பொறுப்பாக இதைச் சுமக்கிறவர். முகாம் முடிந்ததும் பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை, செலவுக் கணக்கு, செய்தித்தாள் கட்டிங், போட்டோ எல்லாம் அனுப்பியாக வேண்டும். எந்தத் தாளிலும் ‘யாராவது மறுபடியும் போய்ப் பார்த்தார்களா?’ என்ற கட்டம் இருக்காது. அதனால் அவருக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டு உங்களுக்கு வேண்டியதைக் கேளுங்கள். பேரணியும் தொடக்க விழாவும் இருந்துவிட்டுப் போகட்டும். மேடையில் ஒரு நாற்காலி ஏரிக்கரைக்காரருக்கு, மாலை நேர விருந்தினர் சொற்பொழிவுகளில் மூன்றை உங்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். இந்த இரண்டை மட்டும் கேளுங்கள், போதும். அந்த மூன்று மாலையும் ஐம்பது பேரும் வட்டமாக உட்கார்ந்து, இன்று நாம் எதைத் தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று பேசுங்கள். சேவைவழிக் கற்றல் என்று இப்போது பாடத்திட்டங்களில் எழுதுகிறார்களே, அதில் ‘கற்றல்’ நடப்பது இந்த வட்டத்தில்தான். பாட்டி கேட்ட கேள்வியை அன்று ராத்திரியே நீங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தால், ஐந்து மாதம் அதைத் தனியாகச் சுமந்திருக்க வேண்டியதில்லை.

தோழியை ஒன்றும் சொல்லாதீர்கள். சர்டிஃபிகேட்டுக்கு வரட்டும், எங்கள் காலத்திலும் பாதிப் பேர் அதற்காகவும், வீட்டை விட்டு ஏழு நாள் வெளியே இருக்கக் கிடைத்த ஒரே வாய்ப்பு என்பதற்காகவும்தான் வந்தார்கள். இரண்டாவது காரணத்தை, அதுவும் பெண் பிள்ளைகளுக்கு, நான் குறைத்துப் பேச மாட்டேன். ஐம்பதில் ஐந்து பேர் ஐப்பசி மழையில் வந்தால் போதும்.

ஆகவே விலக வேண்டாம். வரும் ஆகஸ்ட் 15 கிராம சபை நடக்கும். அன்று கல்லூரிக் கொடியேற்றம் முடிந்ததும் பஸ் பிடித்துப் போங்கள். கூட்டத்தில் நீங்கள் பேச வேண்டாம், ஏரிக்கரையிலிருந்து யார் வந்திருக்கிறார்கள், வந்தவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். அப்புறம் குடியிருப்புக்கு நடந்து போய்ப் பாட்டியைப் பாருங்கள். பீரோவில் கிடைத்த அவர் வீட்டுத் தாள்கள் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். பெயர்கள் இவ்வளவு நாள் எங்கே இருந்தன என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு தாளில் எழுதியிருப்பதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். வயதைத் தப்பாக எழுதியிருப்பீர்கள், பேரனின் பெயரையும் மாற்றி எழுதியிருப்பீர்கள். அவரே திருத்துவார்.

வாங்கிப் போக, புடவையெல்லாம் வேண்டாம். வெற்றிலை போடுகிறவரா என்று பார்த்திருப்பீர்களே. போடுவார் என்றால் ஒரு கவுளி வெற்றிலை, கொட்டைப்பாக்கு. இல்லையென்றால் உங்கள் அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது என்ன வாங்கிப் போவாரோ, அதையே வாங்கிப் போங்கள். டீ போட்டுத் தருவார். குடித்துவிட்டு வாருங்கள்.